பல் பட்ட ஈயம்

ஈயக்குண்டில் பல் பட்டிருந்தது. வலையின் அடிக்கயிற்றில் கோக்க எடுத்ததை விரல்களுக்கு நடுவே உருட்டும்போதுதான் அவளுக்கு அது தட்டுப்பட்டது. அச்சிலிருந்து விழுந்த குண்டு வழவழவென்று இருக்க வேண்டும். இதிலோ சின்னச் சின்னப் பள்ளங்களாக வளைந்து ஒரு வரிசை, நடுவில் ஓர் இடைவெளி, மேலே இன்னும் காயாத எச்சில். ஈயம் மெத்தென்ற சாமான்தான், நகத்தால் கீறினாலே கோடு விழும். ஆனால் இது விளையாட்டுக்குக் கடித்துப் பார்த்த கடி இல்லை, ஒரு பக்கம் குண்டே குறைந்திருந்தது.

கொட்டகையில் கணவன் பழைய பேட்டரித் தகடுகளை உருக்கி, மேலே மிதந்த கசடைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தான். குண்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எலியா இருக்கும்," என்றான்.

"எலி ஈயத்தையா தின்னும்?"

"உன் சமையலுக்கு இது தேவலைன்னு நினைச்சிருக்கும்."

வேறு நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். வாய் அவளுக்குக் குறைச்சலா என்ன! அன்றைக்கு அவள் குண்டைத்தான் மறுபடி திருப்பிப் பார்த்தாள். காலையில்தான் மகளுக்குப் பல் தேய்த்துவிட்டிருந்தாள். முன்பல் விழுந்த அந்த இடைவெளியை, பெற்றவளுக்குத் தெரியாதா?

மகளை எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். தட்டில் போட்டதைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள், ஆள் அவ்வளவு மெலிவு. அவள் வயிற்றில் இருந்தபோது அம்மாக்காரி இடுப்புவலி எடுக்கும்வரை இதே அடுப்பின் முன் உட்கார்ந்து அச்சில் ஈயம் ஊற்றினாள். புகை முகத்தில் அடிக்கும், அதில் லேசாக ஓர் இனிப்பு வாடைகூட இருக்கும். கெடுதல் என்று யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இப்போது மறுபடி ஏழு மாதம்.

ஆஸ்பத்திரியில் இரத்தமும் மலமும் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சிட்டுவை வெளியே நர்ஸிடம் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எல்லார் குடல்லயும் கிருமி இருக்கும்மா. பயப்படாதீங்க, சாப்பாட்ட செரிக்க வைக்கிறதே அதுங்கதான். ஆனா இவ கருவுல இருக்கும்போதே ஈயம் உள்ள போயிருக்கு. ஈயத்த தாங்குற கிருமி மட்டும்தான் இவ குடல்ல தங்கியிருக்கு, மத்ததெல்லாம் செத்துப்போச்சு."

"மருந்து இருக்குல்ல டாக்டர்?"

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பேனாவை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "லேப்ல அதை வளர்த்துப் பார்த்தோம். வழக்கமா போடுற சத்து எதைப் போட்டாலும் வாடிப்போகுது. ஈயத்தூள் கொஞ்சம் தூவினோம், மறுநாள் மூடியையே தள்ளிட்டு வெளிய நின்னுச்சு. என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. முதல்ல வீட்ட சுத்தம் பண்ணுங்க, ஒரு துண்டு ஈயம் இருக்கக் கூடாது. உங்க எலும்புலயும் ஈயம் ஏறியிருக்கு. வயித்துல இருக்கிறது தன் எலும்பு வளர உங்க எலும்பத்தான் கரைக்கும், கூடவே ஈயமும் அதுக்குப் போகும்."

"அப்போ இந்தப் பிள்ளையும்?"

"இதையாவது காப்பாத்துவோம்," என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டது போல அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

கணவன் முரண்டு பிடிக்கவில்லை. அச்சு, தகடு, குண்டு மூட்டை எல்லாவற்றையும் விற்றுவிட்டதாகச் சொன்னான். இருவரும் கொட்டகையைக் கழுவினார்கள், சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். வீட்டில் ஈயம் இல்லாமல் போனது. சிட்டுவுக்குப் பசி வந்தது.

குழாய் மூட்டுகளை நக்கினாள். ஜன்னல் சட்டத்தின் பழைய பெயிண்டை நகத்தால் உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். சோறு வாந்தியாக வந்தது, மருந்தும் வந்தது. அம்மா அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள், ஆனாலும் சமையலறையில் திரும்பி நின்ற நேரத்தில் அந்த மெல்லிய கறக் கறக் சத்தம் எங்கிருந்தாவது வந்துவிடும். கட்டில் காலிலிருந்து. கதவுக் கீலிலிருந்து. ஒருநாள் மதியம் கண்ணயர்ந்தவள் வயிற்றில் ஏதோ சூடாகப் பட்டு விழித்தாள். சிட்டு அவள் சேலையை விலக்கி, தொப்புளுக்கு மேலே மூக்கை வைத்து, மூச்சை உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"பாப்பா வாசனையா இருக்கும்மா," என்றாள் சிட்டு. வாயோரத்தில் எச்சில் வழிந்தது.

அவள் சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அதனால் கணவனிடம்கூட அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழை வேறு எந்தச் சத்தத்தையும் காதில் விழவிடவில்லை, கரண்ட்டும் போய்விட்டது, ஈரச் சுண்ணாம்பு வாடை வீட்டுக்குள் வரை வந்தது. ஒழுகுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் சிட்டுவையும் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போயிருந்தான். மழை சற்று ஓய்ந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கறக் கறக். ஆனால் இந்தத் தடவை அது ஈரமாகக் கேட்டது.

கதவைத் தள்ளினாள். சுண்ணாம்புச் சுவர் கூரை வரைக்கும் சிவப்பாக இருந்தது. அவன் மல்லாந்து கிடந்தான். வருஷக்கணக்காக ஈயம் ஊற்றிய அந்த வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்து கிடந்தது. சிட்டு அதன்மேல் கவிழ்ந்திருந்தாள். சதையை அவள் தின்னவில்லை. பிய்த்துப் பிய்த்துப் பக்கத்தில் துப்பினாள். எலும்பைத்தான் கடித்தாள்.

அவன் இன்னும் சாகவில்லை. இன்னொரு கை மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"அவள அடிச்சிடாத," என்றான். "பசி... பாவம்."

தட்டிக்கொடுத்த கை நின்றது.

சிட்டு தலையைத் தூக்கினாள். மூக்கு விடைத்தது. கண்கள் அம்மாவின் முகத்துக்கு வரவே இல்லை, வயிற்றில் நின்றன.

பாய்ந்தாள்.

அவ்வளவு மெலிந்த உடம்பில் அவ்வளவு பாரம். இருவரும் சகதியில் விழுந்தார்கள். பற்கள் சேலையைக் கிழித்தன, தோலைக் கிழித்தன. விலாவுக்குக் கீழே நெருப்பு. "வேண்டாம்டி! தங்கச்சிடி! என் கண்ணுல்ல!" கை தரையைத் துழாவியது. ஒரு செங்கல். அடித்தாள். பெற்ற வயிறு பற்றி எரிய அடித்தாள். தாடை ஒடியும் சத்தம் கேட்டது. பிடி விடவில்லை. மறுபடி அடித்தாள். இன்னொரு தடவை. பிடி விட்டது.

எழுந்தாள். ஓடினாள். சாமான் அறை. கதவு. தாழ்ப்பாள்.

இருட்டில் வயிற்றைத் தடவினாள். இரத்தம். ஆனால் காயம் ஆழமில்லை. உள்ளே அசைந்தது. உயிர் இருக்கிறது, இதையாவது காப்பாற்றிவிட்டேன் என்று வாய்விட்டு அழுதாள். வெளியே, தரையோடு ஏதோ இழுபட்டு வந்து கதவருகில் நின்றது. உடைந்த தாடையில் மூச்சு கொழகொழத்தது.

கதவில் முதுகைச் சாய்த்தாள். அப்போது உள்ளிருந்து ஓர் உதை.

உதை இல்லை.

விலா எலும்பின் உட்புறத்தில் ஏதோ வந்து ஒட்டிக்கொண்டது. பல் முளைக்காத வாய். சூப்பியது. இழுத்தது. முதலில் வலிக்கவே இல்லை, கூசியது. பிறகு எலும்பு, ஊறிய ரொட்டி போல, உள்பக்கமாக வளைந்தது. அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். வளைந்தது. முறிந்தது. வாய் அடுத்த எலும்புக்கு நகர்ந்தது.

அலறிப் புரண்டவளின் கை மூலையில் ஒரு சாக்கில் இடித்தது. சில்லென்று, உருண்டை உருண்டையாக. விற்றுவிட்டேன் என்றானே பாவி! அடுத்த ஆர்டருக்கு ஆகட்டும் என்று ஒரு மூட்டையை இங்கே ஒளித்துவைத்திருக்கிறான். ஒன்றை எடுத்தாள். வேண்டாம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதெல்லாம் நினைவில் இருந்தது. இரண்டாவது எலும்பு வளையத் தொடங்கியது. குண்டை நாக்கில் வைத்து விழுங்கினாள்.

உள்ளே வாய் நின்றது. காத்திருந்தது. இன்னொன்றை விழுங்கினாள். எலும்பை விட்டுவிட்டு அது கீழே சமர்த்தாகச் சுருண்டுகொண்டது.

கதவுக்கு அடியில் சின்ன விரல்கள் நுழைந்தன. மழையில் கழுவியதுபோல் வெளுத்த விரல்கள்.

"அம்மா," சொல் சரியாக வரவில்லை. "பாப்பாவுக்கு மட்டும்தானா?"

அவள் ஒரு குண்டை எடுத்து அந்த விரல்களில் வைத்தாள். விரல்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. கறக் கறக். மறுபடி நீண்டன. "என் கண்ணு, இந்தா," என்றாள். ஒன்று கதவுக்கு அடியில், ஒன்று தன் வாயில். இருளில், இரண்டு பிள்ளைகளுக்கும் பந்தி வைப்பவள் போல, யாருக்கும் குறையாமல், மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், கை சாக்கின் அடித்துணியைத் தொடும்வரை.

விரல்கள் மறுபடி நீண்டன. வயிற்றுக்குள் வாய் திறந்தது.