முள் முப்பத்தேழில்

இன்ஜினை இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்யவேயில்லை. ஆனால் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் மீட்டரின் முள் முப்பத்தேழில் நின்றது.

மெக்கானிக் முதலில் சிரித்தான். விடிந்ததிலிருந்து விடாமல் தூறிய மழையில் ஷெட்டின் தகரக் கூரை சலசலத்துக்கொண்டிருந்தது, பழைய கிரீஸும் ஈரத் துணியும் கலந்த வாடை தரையிலிருந்து எழும்பியது, ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பானட்டைத் தொட்டால் விரல் சில்லிட்டது. இந்தக் குளிரில் முள் முப்பதுக்கும் கீழே, அடியிலுள்ள ஆணியின் மேல்தான் படுத்திருக்க வேண்டும். அறுபது வருஷத்துக் கிழட்டுக் கார், அதைவிடக் கிழட்டு மீட்டர். இதுகளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் கூட்டத்தை நினைத்தாலே அவனுக்குக் குமட்டும்.

காரின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நேற்று சாவியைக் கொடுக்கும்போதே அழுதுவிடுவார் போல நின்றார்.

"என் சம்சாரம் போனதுலேருந்து முள்ளு ஆணியை விட்டு அசையவே இல்லைங்க. ஒண்ணே ஒண்ணு. இன்ஜினுக்குள்ள இருக்கிற அந்தப் பித்தளைக் குமிழை மட்டும் கழட்டிடாதீங்க. நான் ஒருதடவை கழட்டினேன்."

"கழட்டாம எப்படி சார் பாக்கிறது? ஜோசியமா?" என்றான் மெக்கானிக். இந்த மூளையை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன கணக்குச் சொல்லிக்கொடுத்தாரோ.

ஸீட்டில் உட்கார்ந்து மீட்டரின் கண்ணாடியைச் சுண்டினான். முள் அசையவில்லை. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தான். அதுவும் சும்மா ஒப்புக்குத்தான், அந்தக் காலத்து மீட்டருக்குக் கரண்டே கிடையாது. இன்ஜின் தண்ணீரில் முங்கியிருக்கும் ஒரு பித்தளைக் குமிழ், அதிலிருந்து மீட்டர் வரைக்கும் நூல் பருமனில் ஒரு செப்புக் குழாய், உள்ளே கொஞ்சம் திரவம். குமிழ் சூடானால் திரவம் விரிந்து முள்ளைத் தள்ளும், அவ்வளவுதான் சமாசாரம். மீட்டர் பொய் சொல்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க அவனுக்கு அரை மணி நேரம் போதும்.

செல்போன் அடித்தது. மனைவி. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏங்க, உடம்பெல்லாம் காந்துதுங்க. முப்பத்தெட்டரை காட்டுது. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

"தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும். உதறிட்டு வை. உன் தங்கச்சிதான் பக்கத்துல இருக்காளே, அப்புறம் என்ன?"

"அவளும் பயப்படறா..."

"உங்க குடும்பத்துக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதானே."

வைத்துவிட்டான். பன்னிரண்டு வருஷமாக இதே பாட்டு. தலைவலி, மயக்கம், படபடப்பு. அவன் கணக்கில் அவளும் ஒரு கோளாறான மீட்டர்தான்.

நிமிர்ந்தபோது முள் முப்பத்தெட்டரையில் நின்றது.

சுண்டியதில் நகர்ந்திருக்கும் என்று இறங்கி வந்தான். ஸ்பானரைப் போட்டுக் குமிழைக் கழற்றினான். கசிந்த தண்ணீர் மணிக்கட்டில் ஐஸாக வழிந்தது. குமிழ் மட்டும் சூடாக இருந்தது, காய்ச்சல்காரியின் நெற்றி போல. துடைத்தான். துடைத்த இடம் மறுபடி வியர்த்தது.

"என்கிட்டயே வித்தை காட்டறியா?" என்று காரிடம் சத்தமாகக் கேட்டான். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

இதற்கென்று ஒரு சோதனை உண்டு. தொழில் தெரிந்த எவனும் செய்வதுதான். கொதிக்கிற தண்ணீரில் குமிழைப் போடு, முள் நூறைத் தொட்டால் மீட்டர் நல்லது, தொடாவிட்டால் குப்பை. டீ போடும் கெட்டிலை இன்ஜின் ஓரத்தில் முட்டுக்கொடுத்து வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டான். குழாய் அதுவரைக்கும்தான் எட்டியது. கழுத்தை வளைத்தால், திறந்த கதவு வழியே முள் தெரிந்தது. குமிழை உள்ளே விட்டான்.

ஐம்பது. எழுபது. செல்போன் அடித்தது. எடுக்கவில்லை. வேலை நேரத்தில் யாருக்கு வேண்டும் இந்த ஒப்பாரி? தொண்ணூறு. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நூறு. மயிரிழை பிசகாமல் நூறு.

மீட்டர் நல்லது.

பிறகுதான் போனை எடுத்தான். மனைவியின் தங்கை.

"மாமா, அக்கா மேல கை வைக்க முடியல மாமா! சுடுது! ஈரத் துணி போட்டா ஆவி வருது மாமா!"

அவளுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை. கெட்டில் கொதிக்குமுன் எழுப்பும் மெல்லிய இரைச்சல்.

குமிழை வெளியே இழுத்தான். எண்பது. ஐம்பது. முப்பத்தெட்டு. அங்கேயே நில், நின்றுவிடு என்று கெஞ்சினான். சாமியிடமா மீட்டரிடமா, தெரியவில்லை. முப்பத்தாறு. முப்பத்து நான்கு.

"சூடு விட்டுடுச்சு மாமா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மாமா... ரொம்ப சில்லுன்னு ஆகுது மாமா."

கைக்குள் பொத்தினான். ஊதினான். சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கினான். தோள் மரத்தது. முப்பத்து மூன்று. வீடு பத்து நிமிஷ தூரம். குழாய் இன்ஜினை விட்டு ஒரு முழம்தான் நீளும். கெட்டிலில் தண்ணீர் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்த மீட்டர் கெட்டுப்போயிருக்கு என்று யாராவது சொல்ல மாட்டார்களா? யாராவது. அந்த வாத்தியாராவது.

முப்பத்தொன்று.

"அக்காவுக்கு மூச்சு இல்ல மாமா." அவள் இப்போது அழவில்லை. "ஆனா பேசறா."

"என்ன... என்ன சொல்றா?"

"இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேணாம்னு உங்ககிட்ட சொல்லச் சொல்றா. வலிக்குதாம்."

முள் ஆணியில் படுத்தது. அவன் பிடியைத் தளர்த்தவில்லை. சட்டைக்குள், ஐஸைவிடக் குளிர்ந்த குமிழ் வியர்த்துக்கொண்டே இருந்தது.