எட்டாத உப்பு ஜாடி

“இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்லியிருக்காங்க. யாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்!”

உட்காரச் சொல்வதற்கு முன்பே வழக்கைப் போட்டு உடைத்துவிட்டார் வந்த அம்மாள். அவருக்குப் பின்னால் ஒரு கணவரும் மனைவியும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். முழங்கியவர் கணவரின் அக்கா.

துப்பறிவாளர் மூன்று நாற்காலிகளைக் காட்டினார். அவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்பது அவருடைய மைத்துனரின் புகார். அந்த மைத்துனருக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்துதான் அந்த அலுவலகத்தை நடத்தினார்கள்.

விஷயம் இதுதான். வந்த மூவரும் இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள். மனைவிக்கு மட்டும் வேறொரு நாட்டின் குடியுரிமை உண்டு. அங்கே ஒரு மருத்துவமனையில் அவருக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. கணவரையும் கூட்டிப் போக, அந்த நாட்டுத் தூதரகத்தில் துணைவருக்கான குடியேற்ற விசா கேட்டிருந்தார்கள். நேர்காணலில் இருவரையும் தனித்தனி ஜன்னலில் நிறுத்தி, ஒரே கேள்விகளைக் கேட்டிருக்கிறார் அதிகாரி.

“கடைசில, உங்க பதில் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைன்னுட்டாங்க சார்” என்றார் கணவர். “எந்தப் பதில்னு கேட்டோம். சொல்ல மாட்டாங்களாம். நாளைக்குக் காலையில திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. அப்பவும் இடிச்சுதுன்னா, இது விசாவுக்காகப் பண்ணிக்கிட்ட கல்யாணம்னு முடிவு கட்டிடுவாங்க. அப்புறம் இவ அங்க, நான் இங்க.”

“நாங்களும் பேசிப் பேசிப் பார்த்துட்டோம்” என்றார் மனைவி. “கல்யாணத் தேதி, ரெண்டு வீட்டுப் பெரியவங்க பேரு, அவர் கம்பெனி, என் கம்பெனி, எல்லாம் சரியா இருக்கு. நான் ஒரு பொய்யும் சொல்லல. அவரும் சொல்லலைன்னு சத்தியம் பண்றாரு. ஆனா…”

அந்த ‘ஆனா’வில் இரண்டு பயம் இருந்தது. விசா போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். தாலி கட்டிய மனிதர் எதையோ மறைக்கிறாரோ என்ற பயம் அதைவிடப் பெரியது.

“அத்தான், இது ஜுஜுபி!” என்று எழுந்தார் பட்டாசு. “நான் தனித்தனியா கேட்கிறேன். குட்டு வெளியே வந்துடும்.”

பக்கத்து அறைக்குக் கணவரை அழைத்துப் போனார். அக்காவும் கூடவே போனார். “என் தம்பி விஷயம். நான் இல்லாம எப்படி?” என்று நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார். யானையைக் கட்டி இழுத்தாலும் நகர மாட்டார் போலிருந்தது. கணவர் முடிந்து மனைவி வந்தபோதும் அக்கா அதே நாற்காலியில்தான் இருந்தார்.

பட்டாசு திரும்பி வந்தபோது முகம் நமத்துப்போயிருந்தது. “எல்லாம் ஒத்துப்போகுது அத்தான். முதல்ல எழுந்திருக்கிறது அவர். சுவர் ஓரமா படுக்கிறது அவங்க. சமைக்கிறது அவங்க. குப்பை கொட்டுறது அவர். கடைசியா சண்டை போட்டது ஃபேனை நிறுத்துறதுக்கு. ஒரு பிசிறும் இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு மட்டும் உதைக்குது. அவர் இடது மணிக்கட்டுல பொட்டுப் பொட்டா சூட்டுத் தழும்பு. கேட்டா, வேலையில பட்டதுன்றாரு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு அங்க ஏன் சுடணும்? ரகசியமா வேற எங்கயோ போய் வர்றாரு.”

நிதானம் தலையாட்டினார். “வீட்டைப் பார்க்கலாமா?” என்றார்.

வீடு மூன்றாவது மாடியில், கையடக்கமாக இருந்தது. பட்டாசு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் விரலை விட்டார். வாசலில் சேறு அப்பிய ஒரு பெண் செருப்பைக் கண்டதும், “மாட்டிக்கிச்சு!” என்று தூக்கிப் பிடித்தார்.

“அது என் செருப்பு. கீழ வைங்க” என்றார் அக்கா.

நிதானம் நேராகச் சமையலறைக்குப் போனார். “ஒரு டீ கிடைக்குமாம்மா?” என்று மனைவியைக் கேட்டார்.

மனைவி ஒரு கதவைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். டீத்தூள் மூன்றாவதில் இருந்தது. அடுப்பின் வலது பக்கம் கையை நீட்டி லைட்டரைத் தேடினார். லைட்டர் இடது பக்கம் ஆணியில் தொங்கியது. மேல் தட்டில் உப்பு ஜாடியும் பொடி டப்பாக்களும் வரிசையாக இருந்தன. மனைவி குள்ளம். அந்த வீட்டில் ஏறி நிற்க ஒரு முக்காலிகூட இல்லை.

அடுப்புக்குப் பின்னால், சுவரில், போன் வைக்கும் ஸ்டாண்ட் ஒன்று திருகி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு நேராகத் தரையில் பெருக்கல் குறி போல மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. நிதானம் டேப்பின் மேல் ஏறி நின்று ஸ்டாண்டைப் பார்த்தார். இறங்கினார். டீயைக் குடித்தார். கண்றாவியாக இருந்தது. “பேஷ்” என்றார்.

பிறகு எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தார்.

“மச்சான் கேட்ட கேள்விகள்ல ஒண்ணுக்கு ரெண்டு பேருமே பொய் சொன்னீங்க” என்று தொடங்கினார். “ஒரே பொய். அதனாலதான் ஒத்துப்போச்சு. இந்த வீட்ல சமைக்கிறது அம்மா இல்ல. ஐயாதான்.”

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டார். கணவர் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடினார்.

“தினமும் சமைக்கிறவங்களுக்கு டீத்தூள் இருக்கிற இடம் தெரியாதா? உப்பு ஜாடி அவங்க கைக்கே எட்டாது. லைட்டர் இடது பக்கம் தொங்குது. சார் கடிகாரத்தை வலது கையில கட்டியிருக்கார், இடது கைக்காரர். இடது கையால தாளிச்சா, எண்ணெய் எங்க தெறிக்கும் மச்சான்?”

“மணிக்கட்டுல!” என்று துள்ளினார் பட்டாசு. “அப்ப அந்த டேப்?”

“அங்க நின்னா போன்ல முகமும் கரண்டியும் ஒரு பர்னரும் மட்டும்தான் தெரியும். அடுத்த பர்னர்ல சமைக்கிற ஆள் தெரிய மாட்டார்.”

கணவர் பெருமூச்சு விட்டார். “எங்க அம்மா ஊர்லேர்ந்து தினமும் வீடியோல கூப்பிடுவாங்க சார். ‘யார் சமையல்?’னுதான் முதல் கேள்வி. பிள்ளை அடுப்படியில நிக்கிறான்னு தெரிஞ்சா இவளைத்தான் குத்தம் சொல்வாங்க. அதான் ‘அவதாம்மா’ன்னு சொல்லிடுவேன்.”

“தூதரகத்துல அதைக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க” என்றார் மனைவி. “அவர்தான்னு சொன்னேன். அங்க எதுக்குப் பொய்?” சட்டென்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க என்ன சொன்னீங்க?”

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அவதான்னு… சொல்லியிருப்பேன். ஐயோ, யோசிக்கவே இல்லையே! அந்தக் கேள்வி காதுல விழுந்தா வாய் தானா அதைத்தான் சொல்லும்.”

“பாவி மனுஷா!” மனைவி அழுதுகொண்டே சிரித்தார். கையில் இருந்த துண்டால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். “நான் என்னென்னவோ நினைச்சு தூங்காம கிடந்தேனே!”

“எங்களுக்கு அது ஒரு கேள்வியாவே தோணல சார்” என்றார் கணவர். “பேசிப் பார்த்தப்போகூட அது நினைப்புக்கே வரல.”

“ஆனா அத்தான், அங்க உண்மையைச் சொன்னவங்க எங்கிட்ட ஏன் மாத்திச் சொன்னாங்க?” என்றார் பட்டாசு.

“கேள்வி அதேதான் மச்சான். பக்கத்துல இருந்த காது வேற. அக்கா காதுல விழுந்தா அம்மா காதுல விழுந்த மாதிரி.”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. “இரு, இரு. அப்ப இங்க வரும்போதெல்லாம் நான் இவ கைப்பக்குவத்தை வாயாரப் புகழ்ந்தது?”

“எல்லாம் என் சமையல்தான்க்கா. சந்தோஷமா இருந்துச்சு” என்றார் தம்பி.

“சரி, நாளைக்குச் சரியா சொல்லிடலாம்” என்று எழுந்தார் மனைவி.

நிதானம் தலையை ஆட்டினார். “சொல்ல மாட்டார்மா. பழகின வாய். பதற்றத்துல பழையபடி அதையேதான் சொல்லும். முதல்ல அவங்க அம்மாகிட்ட சொல்லட்டும். அங்க வந்துடுச்சுன்னா, அதிகாரிகிட்ட தன்னால வரும்.”

சொல்லி வைத்தாற்போல ஸ்டாண்டில் இருந்த போன் அடித்தது. மனைவி கரண்டியை எடுத்துக்கொண்டு டேப்பை நோக்கி ஓடினார். கணவர் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே போய் டேப்பின் மேல் நின்றார். போனைத் தொட்டதும் அம்மாவின் முகம் தெரிந்தது.

“என்னடா, நீ நிக்கிற? யார் சமையல்?”

“நான்தாம்மா. இன்னிக்கு நான். நேத்தும் நான். கல்யாணம் ஆனதுலேர்ந்து நான்தான். அவ மேல தப்பு இல்ல. எனக்குப் பிடிச்சு சமைக்கிறேன்.”

அக்கா கூடத்திலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றார்.

“இதைச் சொல்ல இவ்வளவு நாளாடா உனக்கு?” என்றது போன். “உன் பொண்டாட்டி பாத்திரத்தைக் கிளறு கிளறுன்னு கிளறுவா. அடியில அடுப்பு எரியாது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

“அத்தை!” என்று முகத்தை மூடிக்கொண்டார் மனைவி.

“முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். ஒரு கிழவியை ஏமாத்த ரெண்டு பேரும் இவ்வளவு ஒத்துமையா நாடகம் போடறாங்கன்னா, குடும்பம் நல்லாத்தான் நடக்குதுன்னு விட்டுட்டேன். சாப்பிட்டீங்களா?”

மறுநாள் தூதரகத்தில் அதே கேள்வி முதலில் வந்தது. “நான்தான் சமைக்கிறேன். போன தடவை வாய் தவறி மாத்திச் சொல்லிட்டேன்” என்று கணவர் நிமிர்ந்து நின்று சொன்னார். ஏன் என்று அதிகாரி கேட்க, டேப் கதை முழுவதும் வந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் ஜன்னலுக்குப் போனார்.

“உங்க மாமியார் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

“அடுப்பு எரியலைன்னு பார்த்துட்டாங்க” என்றார் மனைவி, வெட்கத்தோடு.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, விசா ஒட்டுவதற்காகக் கணவரின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.