முகம் காட்டாதவர் ஆப்சென்ட்

குரும்பலூர் ஏரி நிரம்பி, பக்கத்திலிருந்த தனியார் பள்ளிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் கெளுத்தி மீன்கள் முதல் பெஞ்சில் ஒழுங்காக உட்கார்ந்திருந்ததை வாட்ச்மேன் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பள்ளியை மூடினார்கள், பாடம் செல்போனுக்குள் போயிற்று.

கணக்கு டீச்சர் முத்தமிழுக்கு வேப்பந்தட்டையில் வீடு. அங்கே போனில் குரல் தத்தித் தத்தி வரும். படம் வரவே வராது. அதனால் பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடம் நடத்தினாள். சாரல் அடித்தது... போன் நனையாமல் முந்தானையால் மூடினாள்.

‘முகம் தெரியவில்லை. ஆப்சென்ட்’ என்று திரையில் எழுத்து வந்தது. டீச்சரையே வகுப்பிலிருந்து வெளியேற்றிவிட்டது!

அவளுக்கு வந்த கோபத்தில் பஸ் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. டிரைவர் இரண்டு தடவை துடைத்தார்.

“எந்தக் கூறுகெட்டவன் இந்த ஆப்பச் செஞ்சான்? அரியலூர்லேருந்து எவனோ வந்து கரஸ்பாண்டன்ட் தலையில கட்டிட்டுப் போயிருக்கான். மூணு ஆப்சென்ட்னா பேர அடிச்சிருவாங்களாம்! என் கிளாஸ் சிந்துவுக்கு ரெண்டு ஆயிருச்சு... அந்த ஆளு மட்டும் கையில கெடச்சான்...”

“கெடச்சா என்னங்க பண்ணுவீங்க?” என்றது பின்சீட்டுக் குரல்.

“ஏரித் தண்ணி முச்சூடும் எறைக்க விடுவேன்!”

“வாளி குடுப்பீங்களா?”

“கையாலதான்!” என்று திரும்பினாள். மழையில் நனைந்த முடி... சிரிக்காத வாய்... சிரிக்கிற கண்கள்.

“கோகுலகிருஷ்ணன்ங்க. அரியலூர். அந்தக் கூறுகெட்டவன் நான்தான்.”

அவள் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அதற்கும் ஆப்சென்ட் போட்டாள்.

“சார், எறங்குங்க.”

“என் ஸ்டாப் இது இல்லீங்களே...”

“இதான். சிந்து ஊரு.”

வெங்காயக் காட்டில் சிந்துவின் அப்பா அங்கமுத்து மண்வெட்டியால் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பாலிதீன் பைக்குள் போன் தொங்கியது.

“யாவாரி கூப்புடுவான், வண்டிக்காரன் கூப்புடுவான். பொழுது சாஞ்சாத்தான் போனு வூட்டுக்கு வரும் தம்பி” என்றார்.

கோகுல் தலையைச் சொறிந்தான். “கேமரா இருந்தா புள்ளைங்க ஏமாத்தாதுன்னு...”

“யாரு யார ஏமாத்துனா?” முத்தமிழின் கண்கள் நிறைந்துவிட்டன. “இத மாத்துங்க சார்.”

“வித்தப்புறம் தப்புன்னு சொன்னா என் பேரு என்னங்க ஆவுறது?”

“உங்க பேரா? புள்ள பேரு போவப்போவுது!”

அவன் வந்த வழியே நடந்தான். போகட்டும், திமிர் பிடித்தவன்... என்று திட்டினாள். போகிற முதுகையே ஏன் பார்க்கிறோம் என்று தன்னையும் திட்டினாள்.

மறுநாளே பள்ளியிலிருந்து தகவல் வந்தது. பாடத்தைக் குரலில் அனுப்பினால் போதும். போன் வீடு வந்ததும் பிள்ளைகள் கேட்டுவிட்டு, ‘உள்ளேன் டீச்சர்’ என்று பேசி அனுப்பினால் வருகை. “தப்பு என்னுதுன்னு அந்தப் பையன் நேர்ல வந்து நிக்கிறாம்மா” என்று கரஸ்பாண்டன்ட் ஆச்சரியப்பட்டார்.

அந்தி மயங்கியதும் வேப்பந்தட்டை வீட்டுக்குக் குரல்கள் வந்தன. ஒன்றில் ஆடு கத்தியது; ஒன்றில் மோட்டார் ஓடியது. சிந்துவின் குரலைக் கேட்டதும் முத்தமிழ் போனைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். கடைசியாக, மீசை முளைத்த குரல் ஒன்று...

“உள்ளேன் டீச்சர்.”

“யாரது? எந்த கிளாஸ்?” என்று அதட்டி அனுப்பினாள்.

“ஸ்கூல் வாசல்ல தண்ணி எறைச்சிட்டிருக்கேங்க. கையாலதான். உங்களப் புடிச்சிருக்குங்க... உங்க வூட்ல வந்து பேசட்டுமா?”

முகம் சூடாயிற்று. விடுவாளா?

“மொகம் காட்டாதவங்களுக்கு நான் பிரசன்ட் போடுறதில்ல சார். கேமராவப் போடுங்க.”

அந்த வீட்டில் படம் வராது என்று சொன்னேன் அல்லவா? அன்று வந்தது. முழங்கால் தண்ணீரில் அவன்... குவித்த கையில் ஒரு கெளுத்தி. இந்தப் பக்கம் முத்தமிழ், வெட்கத்தில் தன் கேமராவை மூடியிருந்த முந்தானையை மெல்ல விலக்கினாள்.

“பிரசன்ட்” என்றாள்.