வா, சாப்பிடலாம்

விடுதி உணவுக்கூடத்தில் வாங்கிய சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆனால் வாயில் வைத்ததும் பெஸாவித்துக்குப் பல் கூசியது. அத்தனை சில்லிப்பு. உப்பு இல்லை, மணம் இல்லை. தக்காளி முட்டைப் பொரியலைத் தொட்டுப் பார்த்தாள், அதுவும் அப்படியேதான் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பக்கத்து அறை ஐகெரிம் அதே தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு உதட்டைக் குவித்து ஊதினாள். கஜகஸ்தான்காரி, சீனாவின் நான்சாங்குக்குப் படிக்க வந்து ஒரு வருடம் ஆகிவிட்ட மிதப்பு அவளுக்கு.

"கொதிக்கக் கொதிக்க இருக்கு. நேத்துத்தான் வந்து இறங்கினே, அதுக்குள்ள இந்த ஊர்ச் சோறு ஆகலையா மகாராணிக்கு?"

பெஸாவித் வாயில் இருந்ததை விழுங்கினாள். விழுங்கியது வயிற்றில் போய்ச் சேர்ந்த மாதிரியே இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் மட்டும் என்ன வாழ்ந்தது? விடுதிச் சாவியைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் விட்டெறிந்தாள் ஃபாங் சித்தி. விடுதிக் காவல்காரி, பிள்ளைகள் எல்லோருக்கும் சித்தி, ஆனால் அந்த உறவு கூப்பிடுவதோடு சரி. மூன்றாம் மாடியில் கடைசி அறை. இரண்டு கட்டில்கள், ஒன்றில் மெத்தைகூட இல்லை, வெறும் பலகை. உணவுக்கூடத்தில் எல்லோரும் முறைத்துப் பார்த்ததால் பெஸாவித் சோற்றை அறைக்கே வாங்கி வந்திருந்தாள். வெளியே ஏழாம் மாதத்துப் புழுக்கம்; செத்தவர்கள் பசியோடு திரும்பி வருகிற மாதம் என்பார்கள் சீனர்கள். நாற்சந்தியில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுச் செத்தவர்களுக்காகக் காகிதம் எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை ஜன்னல் வலையின் கண்களில் வடிந்து உள்ளே வந்து கட்டிலுக்கடியில் தங்கியது. தனியாகச் சாப்பிட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை. எத்தியோப்பியாவில், அவள் ஊரான டெஸ்ஸேயில், வாசலில் போகிறவனைக்கூட "வா, சாப்பிடலாம்" என்று கூப்பிடாமல் யாரும் கைநனைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் வாயில் ஒரு கவளம் ஊட்டுவார்கள். அதுவும் ஒரு வாயோடு நிறுத்தினால் மரியாதை இல்லை.

அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்ப்பொடியைப் பெட்டியில் தேடுவதற்காக, கையிலிருந்த இரண்டு சாப்பாட்டுக் குச்சிகளையும் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினாள். எடுத்துக்கொண்டு திரும்பினால் வெறும் பலகை அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. சிரிப்பு வந்தது. படித்துக்கொண்டு வந்த சீனத்தில், "வா, சாப்பிடலாம்" என்றாள். ஒரு கவளம் உருட்டி அந்தப் பக்கம் நீட்டவும் செய்தாள்.

கவளம் கைநழுவித் தரையில் விழுந்திருக்க வேண்டும். அப்புறம் தேடியபோது கிடைக்கவில்லை.

இன்று உணவுக்கூடத்திலிருந்து திரும்பி வந்து அறைக்கதவைத் திறந்தாள். காலையில் கழுவிக் கவிழ்த்திருந்த கிண்ணம் இப்போது நிமிர்ந்து, வெறும் பலகைக்கு முன்னால் தரையில் இருந்தது. இரண்டு குச்சிகளும் அதில் நேராக நின்றன. காலிக் கிண்ணத்தில் குச்சி எப்படி நிற்கும் என்று தோன்றவே அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

அவள் போட்ட கூச்சலில் ஃபாங் சித்தி துடைப்பத்தோடு ஓடிவந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"அடிப் பாவி! குச்சிய இப்படி நட்டது யாரு?"

"இப்ப நான் இல்ல, சித்தி. நேத்து... தெரியாமப் பண்ணிட்டேன்."

"செத்தவங்களுக்குத்தான் இப்படி நட்டு வைப்போம். அதுவும் இந்த மாசத்துல! வாயத் தொறந்து கூப்பிட்டியா?"

பெஸாவித் ஆமென்று தலையை ஆட்டினாள்.

சித்தி பலகையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள். "போன வருஷம் அதுல படுத்திருந்தது எங்க ஊர்ப் பொண்ணு. காய்ச்சல்ல போயிட்டா. ரொம்ப ரோஷக்காரி, வாங்கினதத் திருப்பிக் குடுக்காம இருக்க மாட்டா."

"வேற அறை குடுங்க சித்தி."

"பதிவு முடியற வரைக்கும் கிடையாது. வெளியில தங்கினா உன் படிப்பு போச்சு, பார்த்துக்க."

அது அவளுக்கும் தெரியும். அந்தப் படிப்புக்காக, பேசி முடித்த கல்யாணத்தையே உதறிவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போனால் அப்பா கதவைத் திறக்க மாட்டார்.

"அவ எனக்கு என்னத்தைத் திருப்பிக் குடுப்பா?"

சித்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். படியிலிருந்துதான் பதில் வந்தது. "சாப்பாடு போட்டவங்களுக்குச் சாப்பாடுதான் போடுவாங்க. அவ வாயில கடைசியா எத வச்சோமோ, அத."

பெஸாவித் ஐகெரிமின் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. "உன் விருந்தாளிய இங்க கூட்டிட்டு வராத. போடி!"

இருட்டத் தொடங்கியது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பசித்தது, அழவும் தெம்பில்லை. நாற்சந்தியில் மறுபடியும் காகிதம் எரித்தார்கள். நெருப்பின் வெளிச்சம் கூரையில் ஏறி இறங்கியது. ஏறும்போதெல்லாம் எதிர்க் கட்டில் பலகை தெரிந்தது. காலியாகத்தான் இருந்தது. இறங்கும்போதெல்லாம் அது முனகியது, படுத்திருப்பவர் எழுந்து உட்காருகிற முனகல்.

பிறகு தரையில் ஒரு சத்தம். பொலபொலவென்று. கிண்ணத்தில் எதையோ கொட்டும் சத்தம்.

போன் அடித்தது. அம்மா!

"சாப்பிட்டியாடி?"

பெஸாவித் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். புகைநாற்றம் பக்கத்தில் வந்தது. கட்டில் விளிம்பு அமுங்கியது. முதலில் கொஞ்சம். பிறகு நன்றாக.

"என்னடி பேச மாட்டேங்கறே? தனியாவா சாப்பிடறே? கூட யாராவது இருக்காங்களா?"

இருக்காங்கம்மா. சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

விரல்கள். சின்ன விரல்கள். பனிக்கட்டிபோல. அன்பாக, உதட்டில் இடிக்காமல், நாக்கின்மேல் எதையோ வைத்தன.

சோறு இல்லை. அரிசி. வேகாத, வறண்ட அரிசி.

துப்பப் பார்த்தாள். முடியவில்லை. ஓர் உள்ளங்கை அவள் தாடையைக் கீழிருந்து தாங்கி, மெதுவாக மூடியது.

"வாயில சோறா?" அம்மா சிரித்தாள். "சரி சரி, மெதுவா மென்னு சாப்பிடு. யாரோ ஊட்டறாங்க போலிருக்கு."

தரையில், கிண்ணத்திலிருந்து மறுபடியும் அரிசி அள்ளும் சத்தம் கேட்டது.