சுத்தமான சுவர்

தண்ணீர் தேங்கியது முதலிலா, அந்தச் சத்தம் கேட்டது முதலிலா என்று கேட்டால் தையல்காரரால் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. மனைவி இறந்துபோன பிறகு நாட்கள் அவருக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. குளித்த தண்ணீர் கணுக்கால்வரை நின்றதும், அடியில் எங்கோ யாரோ வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேச முயல்வதுபோல் கொப்பளித்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

துணைக்கு வந்திருந்த மகள் சமையல் சோடாவைக் கொட்டி வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். அசையவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டாள்.

“சோடா உப்பெல்லாம் போன்ல பாக்க நல்லா இருக்கும்மா,” என்றார் அவர், சல்லடை மூடியை நெம்பியபடி. “சமையல்கட்டு அடைச்சா எண்ணெய்ப் பிசுக்கு. குளிக்கிற இடம் அடைச்சா முடி. வெந்நீர்ல சோப்பு இளகும், முடி இளகாது. இழுத்துத்தான் எடுக்கணும்.”

“இந்த வீட்ல முடி உள்ள போக வழியே இல்ல,” என்றார் தையல்காரர்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை அடைத்தபோது அவர் சத்தம் போட்டிருந்தார். அன்றிலிருந்து மனைவி குளிக்கும்போது கையோடு வரும் முடியைச் சுருட்டிச் சுவரில் ஒட்டிவிடுவாள். பின்னால் குளிக்கப் போகும் அவர் அதை எடுத்துப் போடுவார். “இன்னிக்குக் கூலி வச்சிருக்கேன், எடுத்துக்கோங்க,” என்று கேலி செய்வாள். கடைசி வருடம் முழுக்கச் சுவர் சுத்தமாக இருந்தது. அவள் இளைத்துப்போனதை வயசு என்று அவர் விட்டுவிட்டார்.

பிளம்பரின் வளைந்த கம்பியில் ஒரு பந்து வந்தது. இன்னொன்று. வாளி பாதி நிறைந்தது.

“இது தானா விழுந்ததில்ல. யாரோ விரலால திணிச்சிருக்காங்க.”

மகள் தலை நிமிரவில்லை. “அம்மாதான்ப்பா. கொத்துக் கொத்தா வந்துச்சு. செவுத்துல பாத்தா அப்பா தாங்க மாட்டாருன்னு... சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”



“கம்பியக் குடுங்க,” என்றார் தையல்காரர். “மிச்சத்த நான் எடுக்கறேன்.”

“ஆழமா இருக்குங்க. நாளைக்கு மெஷின் கொண்டாரேன்.”

“இருக்கட்டும். அவ எங்கிட்ட மறைச்சது ஒரு இழைகூட அங்க கெடக்க வேணாம்.”

பிளம்பர் போனார். மகள் அடுப்படிக்குப் போனாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஈரத் தரையில் மண்டியிட்டு, ஊசியில் நூல் கோத்தே தேய்ந்த விரல்களால் அவர் இழை இழையாக வாங்கினார். அழுகலும் சோப்புமாக அடித்த வாடை, இழுக்க இழுக்க, மனைவியின் தலை எண்ணெய் வாசனையாக மாறியது. நூலின் நீளம் அவருக்குத் தெரியும். அவள் கூந்தல் இடுப்பைத் தாண்டியதில்லை. இது தாண்டிவிட்டது. இன்னும் வந்தது. வெதுவெதுப்பாக.

எங்கோ மாட்டியது. சுண்டினார்.

அடியிலிருந்தும் பதிலுக்குச் சுண்டியது.

சிக்கெடுக்கும்போது அவள் தலையை வெடுக்கென்று இழுப்பாளே, அப்படி.

கொப்பளிப்பு அடங்கியது. குழாய்க்குள், மிக அருகில்:

“மெதுவாங்க. வலிக்குது.”

அவர் இழுப்பதை நிறுத்தினார். விடவும் இல்லை.

மகள் விளக்கோடு வந்தபோது அவர் கன்னத்தைச் சல்லடைத் துளைமேல் வைத்துப் படுத்திருந்தார். வாளி காலி. கையில் எதுவும் இல்லை. சுவர் முழுக்க, அம்மாவின் கை எட்டும் உயரம்வரை, ஈரச் சுருள்கள்.

பிளம்பர் மெஷினோடு மறுநாள் வந்தார். தண்ணீர் தடையில்லாமல் ஓடுவதைப் பார்த்துத் திரும்பிப் போனார். வீட்டைப் பூட்டியாயிற்று. தையல்காரர் மகள் வீட்டில் இருக்கிறார், பேசுவது குறைந்துவிட்டது. தினமும் அங்கே குளியலறைச் சுவரைத் தடவிப் பார்க்கிறார், சுத்தமாக இருக்கிறது, நிம்மதியாகச் சாப்பிட வருகிறார். மகளுக்கு ஒரு மாதமாக முடி கொத்துக் கொத்தாக வருகிறது. அப்பா பார்க்காமல் அதைச் சுருட்டித் துளைக்குள் வைக்கிறாள். திணிக்க வேண்டியதில்லை. உள்ளிருந்து ஒரு கை மெல்ல வாங்கிக்கொள்கிறது.