மூடிமேல் வைத்த கல்

பஹ்மியா ஓய்வு பெற்றுவிட்டார் என்பதைத் திருகோணமலையில் ஒருவரும் நம்புவதாக இல்லை. துறைமுகத்தில் கப்பல் சாமான்களைச் சோதித்துச் சோதித்தே தலை நரைத்த மனுசி. இப்போது களவுபோன ஆட்டிலிருந்து காணாமற்போன மருமகன் வரை எல்லாம் அவருடைய வாசலுக்குத்தான் வருகின்றன.

அன்று காலை வந்தவர் நஜ்முன் நிஸா. கழுகுப்பாறைக் குன்றின் உச்சியில் தனியாக வாழ்கிறவர். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“என்ட கிணத்தில ஆரோ மண்ணெண்ணெய் ஊத்திப்போட்டாங்க, ராத்தா! நேத்துக் கிண்ணியாவில கலியாண வீடு. டெங்கு பார்க்க வாறவங்க போனமுறை ஏசினதால, இருந்த பாத்திரமெல்லாம் கவிழ்த்துவச்சிட்டு, வீட்டையும் பூட்டிட்டுப் போனனான். விடியக் கருக்கலோட திரும்பி வந்தா ஒரே நாத்தம். சுபஹைத் தொழுதன், அழுதன், நேரா உங்களிட்ட வந்தனான்.”

“ஆரில சந்தேகம்?”

“அதுதான் கஷ்டம், எல்லாரிலயும்!”

குன்றின் உச்சியில் இரண்டே வீடுகள். ஒன்று நிஸாவுடையது, மற்றது சிவகுருவுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பங்குக் கிணறு. முற்றத்தில் நின்றால் உள்துறைமுகம் முழுவதும் கண்ணில் விழும். அந்தக் காட்சிக்காகவே கொழும்புக்காரர் ஒருவர் அங்கே ஹோட்டல் கட்ட அலைகிறார். எடுத்தால் இரண்டு காணியும் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாமாம். நிஸா முடியாது என்று சொல்லி வருகிறார்.

“தண்ணி இல்லாம அங்க இருக்க ஏலாது. நாளைக்குத் தரகரிட்ட ஓம் எண்டு சொல்லப்போறன். ஆனா ஆர் செய்தது எண்டு தெரியாம இறங்கினா, சாகுமட்டும் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பன். அது மட்டும் வேணாம், ராத்தா.”

வாசலில் ஓட்டோ உறுமியது. பஹ்மியாவை ஏற்றிப் போகும் ஓட்டோக்காரப் பொடியன் சிந்துஜன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தான். துப்பறியும் வேலை என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“அந்தத் தரகன்தான் அக்கா! முகத்தைப் பாத்தாலே தெரியும்.”

“நீ முகம் பாக்காத, றோட்டைப் பாத்து ஓட்டு” என்றார் பஹ்மியா.

தரகர் சஞ்சீவன் அவர்களுக்கு முன்பே குன்றில் நின்றார். கிணறு கெட்ட செய்தி அதற்குள் அவருக்கு எட்டிவிட்டது. மோட்டார் சைக்கிளில் பணிஸ் ரொட்டிப் பையைத் தொங்கவிட்டு, “நான் அப்பவே சொன்னனான், தண்ணியில்லாத மலைல எப்பிடி இருப்பீங்க எண்டு” என்று தொடங்கினார். சொல்லி முடிக்கவில்லை. ஒரு குரங்கு பையைப் பிடுங்கிக்கொண்டு பாறைக்குமேல் ஏறியது. “ஐயோ, என்ட பணிஸ்!” என்று அவர் குதித்த குதியில் நிஸாவே சிரித்துவிட்டார்.

நிஸாவின் தம்பி சஜீத் சமையலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தான். தன் அக்காவின் குரலை ஃபோனில் கேட்டதும் டவுனிலிருந்து ஓடி வந்தவன். அந்த வீட்டுக்கு அவனிடமும் ஒரு சாவி உண்டு. “குசினியில குடிக்கிற பானை கவிழ்ந்தபடிதான் கிடக்கு. டவுனுக்கு வாங்க எண்டு எத்தினை தரம் சொன்னன்? கேட்டாத்தானே!” அவன் பேச்சில் கோபமும் இருந்தது, ஏதோ கூச்சமும் இருந்தது.

பஹ்மியா பின்பக்கம் போனார். ஆட்டுத் தொட்டி தளும்பி நின்றது. பக்கத்தில் ஒரு வாளி, அதன் மூடியின்மேல் ஒரு கல். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுக்கும் மூக்குச் செம்பு, அதன்மேலும் ஒரு தட்டு, தட்டின்மேல் கல். வாளித் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சுத்தமான தண்ணீர்.

பிறகு சிவகுருவின் வீட்டுக்கு நடந்தார்கள். அவருடைய மனைவி இலட்சுமி சன்னலோரம் சாய்ந்திருந்தார். சிறுநீரக நோய். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளெல்லாம் சிவகுருவும் சஜீத்தும் இன்னும் சிலருமாகக் கதிரையோடு தூக்கிக் குன்றிறக்குவார்கள்.

“ஒரு மிடறு தண்ணி தாங்கோ” என்றார் இலட்சுமி.

“போத்தல் வாங்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கு, பொறு” என்றார் சிவகுரு. வீட்டில் இருந்த குடங்கள் எல்லாம் வெறுமை. பஹ்மியா கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: “நான் நேத்து முழுக்கக் கிணத்தடிப் பக்கமே போகேல்லை. இவளுக்கு ஏலாம இருந்தது.”

வெளியே வந்ததும் சிந்துஜன் காதோடு சொன்னான். “அக்கா, இவரை விடுங்கோ. கிணத்தைக் கெடுக்கப்போறவன் தன்ர வீட்டுக்கு ஒரு குடமாவது அள்ளி வைக்கமாட்டானா?”

“நல்ல கேள்வி” என்றார் பஹ்மியா. “எல்லாரையும் கிணத்தடிக்குக் கூப்பிடு.”

சஞ்சீவன், சஜீத், சிவகுரு மூவரும் வந்து நின்றார்கள். மூன்று பேருமே கிணற்றைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள்.

“மண்ணெண்ணெயைப் பத்தி நான் கதைக்கப்போறதில்லை. படகு ஓடுற கரையில அது இல்லாத வீடு எது? தண்ணியைப் பத்தித்தான் கதைக்கப்போறன். நிஸா, காலமை எந்தத் தண்ணியில ஒழு எடுத்தீங்க?”

“மூக்குச் செம்பில இருந்த…” நிஸா வாயைப் பொத்திக்கொண்டார். “அல்லாஹ்வே! நான் எல்லாத்தையும் கவிழ்த்துத்தானே போனனான்! இருட்டில, பழக்கத்தில, யோசிக்கவே இல்லை.”

“நீங்க போனபிறகு ஒருத்தர் எல்லாத்தையும் நிமித்தி, தண்ணி நிரப்பி வச்சிருக்கார். ஆளில்லாத வீட்டில ஏன் நிரப்போணும்? விடிஞ்சா கிணத்தில தண்ணி இருக்காது எண்டு அவருக்குத் தெரியும். கெடுக்க வந்த ஆள்தான் முதல்ல அள்ளி வச்சது. அந்த மனசுதான் அவரைக் காட்டிக் குடுத்திட்டுது.”

“பாத்தீங்களா, தரகர்தான்…” என்று தொடங்கினான் சிந்துஜன்.

“பணிஸைக் குரங்குக்குக் குடுத்தவரா? மூடிக்கு மேல கல் வச்சிருக்கு, சிந்துஜன். குரங்கோட குடியிருக்கிற மலைச்சனத்துக்குத்தான் கை தன்பாட்டில கல்லைத் தேடும்.”

சஞ்சீவன் பெருமூச்சு விட்டார். சஜீத்தின் முகம் வெளுத்தது. “நானும் இங்க வளந்தவன்தானே” என்று அவனே சொன்னான். “ராத்தா இறங்கினா நல்லம் எண்டு தரகரிட்டச் சொன்னதும் நான்தான். ஆனா இதை நான் செய்யேல்லை.”

“ஓம், நீ செய்யேல்லை. உன்னட்டச் சாவி இருக்கு. ராத்தா தாகத்தில நிக்கக்கூடாது எண்டு நினைக்கிறவன் கதவைத் திறந்து குடிக்கிற பானையைத்தான் முதல்ல நிரப்புவான். குசினிப் பானை கவிழ்ந்தபடி கிடக்கு. நிரப்பினவருக்கு உள்ள போக வழியில்லை.” பஹ்மியா திரும்பினார். “கிணத்தடிக்கே போகேல்லை எண்டு நான் கேக்க முதல் சொன்னீங்க, சிவகுரு. ஆனா உங்கட வீட்டுக்கு ஒரு குடமும் அள்ளேல்லையே. அது மட்டும் எனக்கு விளங்கேல்லை.”

சிவகுரு கிணற்றுக் கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அள்ள மனம் வரேல்லை” என்றார் நிஸாவிடம். “ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீடு எடுத்தா இலட்சுமி இன்னும் கொஞ்சக் காலம் இருப்பாள். காணி வித்தால்தான் அது நடக்கும். எண்ணெயைக் கொண்டு வந்திட்டன். ஊத்தக் கை ஓடேல்லை. கலியாண வீட்டால வந்து முகம் கழுவத் தண்ணியில்லாம நிப்பீங்களே எண்டு, உங்களுக்கு அள்ளி வச்சிட்டு ஊத்தினன். எனக்கும் அள்ளி வச்சா நான் மனுசனே இல்லை எண்டு பட்டுது, தங்கச்சி.”

“வீட்டைப் பாத்துக்கொள்ளுங்க எண்டு உங்களிட்டத்தானே அண்ணை சொல்லிட்டுப் போனன்!” நிஸா கத்தினார். “என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே! ஏன் கேக்கேல்லை?”

“வாய் வரேல்லை.”

நிஸா இன்னும் ஏதோ சொல்ல வந்தார். சிவகுருவின் வீட்டுச் சன்னலைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. “இலட்சுமி அக்காவை என்ட வாசலாலதான் தூக்கிக்கொண்டு போறீங்க. ஒவ்வொரு முறையும் படலையைத் திறந்து விட்டன். இந்த மலைல ஏன் இன்னும் கிடந்து கஷ்டப்படுறீங்க எண்டு நானும் ஒருநாள் கேக்கேல்லை. கேட்டா விக்கச் சொல்லுவீங்க எண்டு பயம்.”

பஹ்மியா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்டுபிடித்ததில் அவருக்கு அன்று ஒரு சந்தோஷமும் இல்லை.

“கிணத்தை இறையுங்க, அண்ணை. காணிக் கதையைப் பிறகு கதைப்பம்” என்றார் நிஸா. பின்பக்கம் போய் மூடிமேல் இருந்த கல்லை எடுத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் மொண்டு இலட்சுமியிடம் கொண்டுபோனார்.

இலட்சுமி ஒரு மிடறு குடித்தார். “நல்ல தண்ணி. எங்கால இது?”

நிஸா செம்பைப் பார்த்தார். “அண்ணை எனக்கு அள்ளி வச்ச தண்ணி.”

“அவர் அப்பிடித்தான்” என்று சிரித்தார் இலட்சுமி. “அடுத்த வீட்டில ஆள் இல்லாட்டியும் அந்த வீட்டு நினைப்புத்தான்.”

கிணற்றடியில் முதல் வாளியை இழுத்துக்கொண்டிருந்த சிவகுருவுக்கு அது கேட்டது. அவர் கயிற்றைப் பிடித்தபடி குனிந்தே நின்றார்.