மஞ்சப்பையைத் தேடி அறுபது கிலோமீட்டர்

சாகசப் பயணம் போகிறவர்கள் ஊருக்கு அனுப்பும் படங்களில் மலை இருக்கும், ஆறு இருக்கும், பல் தெரியும் சிரிப்பு இருக்கும். காலுறை நாற்றம் மட்டும் இருக்காது. அந்த மூவரும் எட்டு நாளாக மழையில் ஊறிக்கொண்டிருந்தார்கள். பினாங்கில் வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிள்களில் தாய்லாந்தைக் கடந்து, தெற்கு லாவோஸ் வரை வந்தாயிற்று. உடுப்பு காயவில்லை, பூட்ஸ் காயவில்லை. தலைக்கவசத்துக்குள் பூஞ்சை பூத்துவிட்டது. நெல்லையப்பனுக்கு இந்த உலகத்தின் மேலேயே வெறுப்பு வந்திருந்தது.

முன்னால் போகிறவள் தமயந்தி. தூத்துக்குடியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். அவள் கையைத் தூக்கினால் மற்ற இருவரும் நிறுத்தியாக வேண்டும். நடுவில் காட்வின். கடற்கரைத் தெருவில் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. கப்பலில் வேலை வேண்டும் என்று நாலு வருஷம் ஏஜென்ட் ஆபீஸ் படிகளைத் தேய்த்து, கடைசியில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாய்லாந்துத் துறைமுகத்தில் அவன் கப்பல் ஏற வேண்டும். அவனை ஊர் சுற்றிக் காட்டியபடியே கொண்டுபோய் விடுவதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

கடைசியாக வருகிறவன் நெல்லையப்பன். முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிற சைவக் குடும்பம். பாலிடெக்னிக்கில் மூவரும் ஒரே வகுப்பு.

புதன்கிழமை காலை. சாலையோரக் கடை ஒன்றில் காபி குடிக்க நிறுத்தினார்கள். உலர்ந்த சட்டை ஒன்றாவது மிச்சமிருக்கும் என்று நெல்லையப்பன் தன் வண்டியின் பின்பெட்டியைத் திறந்தான். திறந்த கையோடு இரண்டடி பின்னால் போனான்.

முந்தின நாள் காட்வின் வண்டியின் பெட்டி உடைந்துபோனதால், அவனுடைய கருவாட்டுப் பையை இரவே இந்தப் பெட்டிக்குள் மாற்றியிருந்தார்கள். கப்பலில் ஆறு மாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அம்மா கட்டிக் கொடுத்த சாளைக் கருவாடு. காட்வினின் அக்கா கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் தாம்பூலப் பைக்குள் இருந்தது. பெட்டிக்குள் மழைத்தண்ணீர் புகுந்து, பை ஊறி, பழுப்பு நிறச் சாறு வழிந்து, நெல்லையப்பனின் கடைசிச் சட்டையைக் குளிப்பாட்டியிருந்தது. காலரில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. திருநீற்றுப் பொட்டலம் சேறாகிக் கிடந்தது.

அவனுக்குக் குடல் வாய்க்கு வந்தது. காட்வினும் தமயந்தியும் கடைக்குள் இருந்தார்கள். மீன் சந்தையின் கழிவை ஏற்றிக்கொண்டு இழுவை வண்டி பூட்டிய ஒரு கைட்ராக்டர் உறுமியபடி மெல்லக் கடந்து போனது. குடல், செதில், தலை எல்லாம் வண்டி நிறையக் குவிந்திருந்தன. நாறுவதோடு நாறுவது சேரட்டும் என்று நெல்லையப்பன் பையை இரண்டு விரலால் தூக்கி அந்தக் குவியலில் எறிந்தான். கையை மூன்று முறை கழுவினான். பிறகு காபி குடித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

அறுபது கிலோமீட்டர் தாண்டி எல்லைச் சாவடிக்கு முந்தின ஊரில் தமயந்தி கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் பாஸ்போர்ட்ட எடுத்து வச்சுக்கிடுங்க. மத்தியானத்துக்குள்ள தாண்டிருவோம்."

காட்வின் நெல்லையப்பனின் பெட்டி அருகே வந்தான். "அந்த மஞ்சப்பைய எடுடே."

"இப்ப எதுக்குக் கருவாடு?"

"கருவாட்டுக்குள்ளதாம்லே பாஸ்போர்ட் இருக்கு. கப்பல் வேலைக்கு வேண்டிய சிடிசி புத்தகமும் அதுக்குள்ளதான். எங்கப்பா படகு லைசென்ஸ கருவாட்டு டின்னுக்குள்ளதான் வைப்பாரு. எவனும் கை வைக்க மாட்டான்ல. ராத்திரி ரூம்ல காட்டிட்டுத் திரும்ப அதுக்குள்ளயே சொருவிட்டேன்."

நெல்லையப்பன் பெட்டி மூடியைக் கையால் அழுத்திக்கொண்டான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது வேறு.

"பெட்டி மூடி சரியா மூடல போல. வழியில எங்கயாச்சும் விழுந்திருக்கும்."

ஒரு மணி நேரம் சாலையோரச் சாக்கடையில் தேடினார்கள். முழங்கால் வரை செஞ்சேறு. செத்த தவளை ஒன்று மல்லாந்து மிதந்தது. நெல்லையப்பனின் கணுக்காலில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு கொழுத்தன. காட்வின் ஒவ்வொரு பள்ளமாகக் கையை விட்டுத் துழாவிக்கொண்டே போனான். அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க நெல்லையப்பனுக்குத் தன்மேலேயே குமட்டியது. அதற்கு மேல் முடியவில்லை.

"விழல. நான்தான் தூக்கிப் போட்டேன். காலைல மீன் கழிவு ஏத்திட்டுப் போன வண்டில."

காட்வின் நிமிர்ந்தான். தமயந்திதான் பேசினாள்.

"போட்டதக்கூட விடு. ஒரு மணி நேரமா இவனச் சாக்கடைய அளைய விட்டுட்டு நின்னு பார்த்துட்டு இருந்த பாரு. உன் மூஞ்சிய இப்ப எனக்குப் பாக்கப் பிடிக்கல. வண்டிய எடு."

புத்தகம் இல்லாவிட்டால் கப்பல் இல்லை. புதுசு வாங்க மாதக்கணக்காகும், அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவன் வந்துவிடுவான். இது மூவருக்கும் தெரியும்.

வந்த வழியே திரும்பினார்கள். மழை சாய்ந்து அடித்தது. எதிரே வந்த லாரிகள் செஞ்சேற்றை வாரி முகத்தில் அப்பின. அது வாய்க்குள்ளும் போனது. தமயந்தி வேகத்தைக் குறைக்கவே இல்லை. காபிக் கடைக்காரன் கைட்ராக்டர் போன திசையைக் காட்டினான். தமயந்தி மூக்கைப் பிடித்து, மீன் வாலை ஆட்டுவதுபோலக் கையை ஆட்டியதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆற்றுப் பக்கமாக இறங்கும் மண்பாதை. கெளுத்தி மீன் பண்ணை.

பண்ணைக்கு அரை கிலோமீட்டர் முன்பே வாடை வந்து முகத்தில் அறைந்தது. குளங்களுக்கு நடுவே ஒரு சிமெண்ட் தொட்டி. சந்தைக் கழிவெல்லாம் அதில்தான் கொட்டிக் கிடந்தது. இரண்டு ஆட்கள் அதை மண்வெட்டியால் வாரி வாரி ஓர் அரவை இயந்திரத்தில் போட, மறுபக்கம் சாம்பல் நிறக் கூழாக ஒழுகியது. கெளுத்திகளுக்கு அதுதான் தீனி.

தமயந்தி வண்டியை விட்டு இறங்கி நேரே நடந்து போய் இயந்திரத்தின் சாவியைத் திருகி அணைத்தாள். பயிற்சிப் பள்ளியில் சிவப்பு விளக்கைத் தாண்டப் போகிற மாணவனின் வண்டியை அணைப்பாளே, அதே நிதானம். ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். அவள் கும்பிடு போட்டுவிட்டு, தொட்டியைக் காட்டி, தன் பாஸ்போர்ட்டை எடுத்து ஆட்டிக் காட்டினாள். அவர்கள் சிரித்துவிட்டு மண்வெட்டியைக் கீழே போட்டார்கள்.

காட்வின் பூட்ஸைக் கழற்றக் குனிந்தான். நெல்லையப்பன் அவன் தோளைப் பிடித்தான்.

"நீ எறங்காத. போட்டவன் நான்."

"உனக்கு ஒத்துக்காதுடே."

"ஒத்துக்கல. அதுக்கு என்ன பண்ண?"

இறங்கினான். இடுப்பு வரை முங்கிப்போனான். மேலே குளிர், உள்ளே அழுகலின் வெதுவெதுப்பு. பாதத்துக்கு அடியில் மீன் கண்கள் வழுக்கின. குடல்கள் விரலிடுக்கில் சுற்றிக்கொண்டன. ஈக்கள் உதட்டில் உட்கார்ந்து எழுந்தன, வாயை மூடினால் மூக்கில் நுழைந்தன. இரண்டு முறை வாந்தி எடுத்தான். எடுத்ததும் அதே தொட்டிக்குள்தான் விழுந்தது. அதையும் விலக்கிவிட்டுத் தேடினான். மேலே நின்று காட்வினும் தமயந்தியும் மண்வெட்டியால் ஓரத்தைக் கிளறிக்கொடுத்தார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து அவன் கையில் ஒரு துணிக் கைப்பிடி தட்டுப்பட்டது. இழுத்தான். மஞ்சள். 'ரோஸ்லின் – அமல்ராஜ் திருமணம்' என்ற எழுத்துகூடத் தெரிந்தது. கரைக்கு எறிந்தான். காட்வின் பிரித்துப் பார்த்தான். பை காலி. அடியில் கிழிந்திருந்தது.

இயந்திரத்தின் வாயிலிருந்து கூழ் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள்.

"சரி விடுலே," என்றான் காட்வின். "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம். மேல ஏறி வா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இவன் எப்போதும் இப்படித்தான். முதலாம் ஆண்டில் காட்வின் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சு மாறி உட்கார்ந்தவன் நெல்லையப்பன். வகுப்பே சிரித்தது. காட்வினும் தரையைப் பார்த்துச் சிரித்தான். மறுநாளிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டில் போய்ச் சாப்பிட்டான். பிறகு நண்பர்களானார்கள், அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததே இல்லை.

நெல்லையப்பன் தொட்டிக்குள்ளேயே நின்றான். அழுகை வந்தது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

அப்போது காற்று திரும்பியது. அவன் தலை தானாக நிமிர்ந்தது.

"இரு," என்றான். "சாளை."

"என்ன சாளை?"

"சாளைக் கருவாடு. எங்கயோ சுடுதாங்க."

தமயந்தி மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு இந்தத் தொட்டிதான் நாறுது. இங்க எல்லாமே மீனுதான்டே."

"இது ஆத்து மீன் வாடை இல்ல, தமா. கடல் வாடை. இந்த நாட்டுல கடலே கிடையாது. மூணு வருஷம் இவன் டிபன் பை வாடைக்குப் பயந்து ஜன்னலோரமா உக்காந்தவன் சொல்லுதேன், அது இவங்க வீட்டுக் கருவாடுதான்."

சொட்டச் சொட்டத் தொட்டியிலிருந்து ஏறி, மூக்கை நீட்டிக்கொண்டு நடந்தான். மற்றவர்கள் நான்கடி தள்ளியே பின்தொடர்ந்தார்கள். பக்கத்தில் போக முடியவில்லை. குளக்கரை, வாத்துக் கொட்டகை, விறகு அடுக்கு எல்லாம் தாண்டி, மரத்தூண்கள் மேல் நின்ற ஒரு வீடு. அதன் அடியில் கரி அடுப்பு. ஒரு நடுவயதுப் பெண் கம்பி வலையில் கருவாட்டை வரிசையாகப் பரத்திச் சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில், துணி உலர்த்தும் கிளிப் மாட்டி, இரண்டு புத்தகங்கள் விரிந்து தொங்கின.

காட்வின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் பெயர் பூன்மி. பண்ணை அவளுடையது. கழிவு வண்டியில் நல்ல கருவாடு கிடப்பதைப் பார்த்து, பை கிழிய இழுத்தெடுத்துக் கழுவியதைச் சைகையிலேயே சொன்னாள். உள்ளே பிளாஸ்டிக் உறையில் இருந்த புத்தகங்களில் ஓரம் மட்டும் நனைந்திருந்தது. அவள் பாஸ்போர்ட் படத்தையும் காட்வினையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு ஒரு கருவாட்டைத் தூக்கி, கழிவு வண்டியைக் காட்டி, எறிவதுபோலச் சைகை செய்து, யார் என்று கேட்டாள். தமயந்தி நெல்லையப்பனைக் கைகாட்டினாள்.

பூன்மி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகம் சுளித்தது. அவன் மேல் வழிந்த குடலைப் பார்த்து அல்ல. அவள் அன்றாடம் அதில்தான் நிற்கிறாள். தின்கிற பண்டத்தைக் குப்பையில் போட்டவனைப் பார்த்துச் சுளித்தாள். தன்னைப் பார்த்து ஒருவர் அருவருப்பது எப்படி இருக்கும் என்று நெல்லையப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ரப்பர் குழாயால் அவனைக் கழுவிவிட்டு, பூன்மி எல்லாருக்கும் சோறு வைத்தாள். தமயந்தி நாலு துண்டு கருவாடு தின்றாள். நெல்லையப்பன் வெறும் சோற்றைப் பிசைந்தான். கருவாட்டை அவன் தொடவில்லை, தொடப் போவதும் இல்லை. ஆனால் காட்வினின் இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பாதிக் கருவாட்டைக் காட்வின் பூன்மிக்கே கொடுத்துவிட்டான்.

இருட்டுவதற்குள் எல்லையைக் கடந்தார்கள். வியாழக்கிழமை முழுக்க ஓட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் துறைமுக வாசல். உள்ளே கப்பலின் சிவப்புப் பக்கம் தெரிந்தது.

காவல் கூண்டிலிருந்தவன் காட்வினின் புத்தகத்தை வாங்கி விரித்தான். உடனே முகத்தைத் திருப்பி மூக்கைப் பொத்திக்கொண்டான். பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். காட்வினும் தரையைப் பார்த்துச் சிரித்தான். அதே பழைய சிரிப்பு.

நெல்லையப்பனுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஜன்னல் முன்னால் போய் நின்றான்.

"மூக்குலேருந்து கைய எடுங்க சார்."

சொன்னது தமிழில்தான். அவனுக்கு எப்படிப் புரியும்? ஆனால் புரிந்துவிட்டது. கை மெல்லக் கீழே இறங்கியது. முத்திரை குத்தி, புத்தகத்தை இரு கையாலும் நீட்டினான்.

காட்வின் அதை வாங்கிக்கொண்டு திரும்பினான். "என்னடே, நீ பொத்தாத மூக்கா?"

நெல்லையப்பன் அவன் கண்ணைப் பார்த்தான். "பொத்துனேன். ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கல."

காட்வின், "முந்தாநாள் அந்தத் தொட்டில நீ எடுத்த வாந்திலயே கேட்டுட்டலே," என்று சொல்லிவிட்டு அவன் தலைமுடியைக் கலைத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குள் நடந்தான். ஏணியில் ஏறும்போது ஒரு முறை திரும்பிக் கையை ஆட்டினான். இவர்களும் ஆட்டினார்கள், அவன் கண்ணுக்கு மறையும் வரை.

"பினாங்குல வண்டியத் திருப்பிக் கொடுக்கும்போது உன் பெட்டியக் கழுவிக் கொடு," என்றாள் தமயந்தி. "அந்த நாத்தத்தோட குடுத்தா வண்டிக்காரரு என்னத்தான் திட்டுவாரு."

"கழுவுதேன்," என்றான் நெல்லையப்பன். பெட்டியைத் திறந்து பார்த்தான். நாறத்தான் செய்தது. மூடிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.